யார் கை மருந்து?

“எனக்கு லேசான சுகர்தான்.”

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு நண்பர்கள் டீக்கடை வாசலில் நின்று பேசினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பது அரிது. பின்னாலேயே மற்றவையும் வரும். “பார்டர்லதான் இருக்கு.” “மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிறுத்த முடியாதுப்பா.” “இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் காலி பண்ணிடும்.” “எங்கப்பாவுக்கும் இருந்தது, எண்பது வயசு வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு?” சொல்பவர் சர்க்கரை போடாத டீ கேட்பார், கூடவே ரெண்டு வடை எடுத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் நண்பருக்கு மனசு கிடந்து தவிக்கும். வாயைத் திறந்தால் சண்டை. திறக்காமல் இருந்தால் வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராது.

இந்தத் தவிப்பில் மருத்துவம் சம்பந்தப்பட்ட பகுதி கொஞ்சம்தான். சர்க்கரை நோயைப் பற்றி இந்த இருவருக்குமே ஓரளவு தெரியும். மிச்சமெல்லாம் அறம் சார்ந்த கேள்வி. இன்னொருவரின் உடம்பின் மேல் ஒரு நண்பனுக்கு எவ்வளவு உரிமை? அவர் தன் நோயைப் பார்க்க மறுக்கும்போது அந்த மறுப்பை மதிப்பது நட்பா, உடைப்பது நட்பா?

முதலில் அந்த ‘லேசான சுகரை’ப் பார்த்துவிடலாம். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல்: இவற்றுக்குப் பெயர் நீரிழிவு. அதில் லேசானது என்று தனி வகை கிடையாது. ‘பார்டர்’ என்பது மட்டும் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது நிம்மதியாக உட்காரும் இடமில்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், அந்த எல்லையில் இருந்தவர்கள் நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்டபோது நோயாளியாகும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஏதாவது செய்வதற்கு மிக நல்ல நேரமே அந்த பார்டர்தான்.

டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, இனிப்பை நிறுத்தி, முதல் நாள் இரவு ரெண்டு சப்பாத்தியோடு படுத்து, மறுநாள் காலை லேபுக்குப் போகும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. ரிப்போர்ட்டில் வெறும் வயிற்று எண் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை வாட்ஸ்அப்பில் நண்பருக்கும் அனுப்புவார். ஹெச்பிஏ1சி அந்த மூன்று நாளோடு நிற்காது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது; அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கைச் சொல்லிவிடும். அதனால்தான் பலர் அந்தப் பரிசோதனையை மட்டும் “அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று தள்ளிவிடுகிறார்கள். யோசித்தால், பொய் எண்ணைக் காட்டுவதற்கு இத்தனை பாடுபடுகிறவர் நோயை நம்பாதவர் இல்லை. நன்றாகவே நம்புகிறவர். பயந்துபோனவர்.

இப்படிப் பயந்தவர் ஒருவர் இருவர் இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய இண்டியாப் ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் பார்டரில் என்றது அது. தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம் பேருக்கு. இதைவிட நெஞ்சில் தைப்பது தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றாநோய்க் கணக்கெடுப்பின் ஒரு எண். நீரிழிவு உள்ளவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம்தான். 1948இலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய நகரம் சென்னை. 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மருந்து இல்லாத ஊர் இல்லை இது. மருந்துக்கும் வாய்க்கும் நடுவில் வேறு ஏதோ நிற்கிறது.

நிற்பதில் பெரும்பகுதி வெட்கம். “வாயைக் கட்டத் தெரியல, அதான் வந்துடுச்சு” என்று உறவுக்காரர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ‘முன் ஜென்மத்துப் பாவம்’ என்பவர்களும் இருக்கிறார்கள். நோயைக் குற்றமாக்கும் எந்தப் பேச்சும் நோயாளியை ஒளிந்துகொள்ளத்தான் வைக்கும். நம் மக்களுக்கு மேல்நாட்டாரைவிடக் குறைந்த வயதில், குறைந்த எடையிலேயே இந்த நோய் வருகிறது. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஒல்லியாக இருப்பவருக்கும் வரும், வாழ்நாளெல்லாம் இனிப்பைத் தொடாதவருக்கும் வரும். நண்பர் அறிவுரை சொல்லப் புறப்படுவதற்கு முன் தன் வாயிலிருந்து நீக்க வேண்டியது இந்தக் குற்றச்சாட்டுத் தொனியைத்தான்.

இனி அந்த அறக் கேள்விக்கு வரலாம். பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் தாண்டி அதே சாலையில் போனால் குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் சொந்த ஊர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு அமைச்சராக இருந்தவர் அவர். அவருடைய நூலில் கடுமையான வயிற்று வலியால், அதாவது சூலை நோயால், துடித்த நாயன்மார் இருவர் வருகிறார்கள். ஒருவர் மருந்தை ஏற்றார், இன்னொருவர் உயிர் போனாலும் ஏற்க மாட்டேன் என்றார். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், டீக்கடை வாசலில் தவிக்கும் நண்பருக்குப் பல நாள் அறிவுரையில் கிடைக்காதது கிடைக்கும் என்று தோன்றுகிறது.

மறுத்தவர் ஏயர்கோன் கலிக்காமர், திருப்பெருமங்கலத்துக்காரர். சுந்தரர் தன் மனைவி பரவையின் ஊடலைத் தீர்க்கச் சிவபெருமானையே தூது அனுப்பினார் என்று கேள்விப்பட்டு அவர் கொதித்துப்போயிருந்தார். ஆண்டவனை ஓர் அடியவன் இரவில் ஒரு பெண்ணின் வீட்டுக்கு நடக்க வைப்பதா? இந்தப் பகையைத் தீர்க்க நினைத்த சிவன் கலிக்காமருக்குச் சூலை நோயைக் கொடுத்தார். அவர் வேண்டியபோது, சுந்தரன் வந்தால்தான் இது தீரும் என்றார். கலிக்காமரின் பதிலில் இருந்த வைராக்கியம் பயங்கரமானது. அவன் வந்து தீர்ப்பதைவிட இந்த நோய் என்னை வாட்டிக்கொண்டே இருக்கட்டும் என்றார். சுந்தரர் கிளம்பிவிட்டார் என்று தெரிந்ததும், அவர் வந்து சேர்வதற்குள் நோயையும் வயிற்றையும் சேர்த்தே அழித்துவிடுவதென்று உடைவாளால் குத்திக்கொண்டு இறந்தார்.

அடுத்து நடப்பதுதான் இந்த விஷயத்துக்கு நெருக்கமானது. கணவனோடு உயிர்விடத் துணிந்த கலிக்காமரின் மனைவி, சுந்தரர் வருகிறார் என்ற செய்தி கேட்டதும் அழுகையை நிறுத்தச் சொல்லி, விருந்தினரை முறைப்படி வரவேற்க ஏற்பாடு செய்கிறார். நோயைத் தீர்க்க வந்தேன், அவர் எங்கே என்று சுந்தரர் கேட்கிறார். கெடுதல் ஒன்றுமில்லை, உள்ளே உறங்குகிறார் என்கிறார்கள் வீட்டார். சுந்தரர் அதோடு திரும்பிப் போகவில்லை. நீங்கள் சொன்னாலும் என் மனம் தெளியவில்லை, அவரைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே போகிறார். குடல் சரிந்து கிடக்கும் உடலைப் பார்க்கிறார். அதே வாளைத் தன்மேல் பாய்ச்சிக்கொள்ள எடுக்கிறார். சிவனருளால் உயிர்பெற்ற கலிக்காமர் பாய்ந்து அந்த வாளைப் பிடித்துக்கொள்கிறார். ஒருவர் காலில் ஒருவர் விழுந்து, அதன் பிறகே இருவரும் நண்பர்களாகிறார்கள்.

ஏற்றவர் அப்பர். சமணத்தில் தருமசேனராகப் பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தபோது அவருக்குச் சூலை வந்தது. அங்கிருந்தவர்கள் செய்த சிகிச்சை எதுவும் பலிக்கவில்லை. திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். அக்கா தம்பிக்காகப் பல காலம் வேண்டிக்கொண்டிருந்தவர்தான். ஆனாலும் அந்தச் சமண மடத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். அன்றிரவே தம்பி எழுந்து அவர் வாசலுக்கு வந்தார். ஏன் போனாய், முன்பே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டதாகச் சேக்கிழார் எழுதவில்லை. அக்கா திருநீறு கொடுத்தார். கோயிலுக்குக் கூட்டிப்போனார். தம்பி பாடினார், நோய் தீர்ந்தது.

ஒரே நோய். ஒரே கடவுளின் கொடை. ஒருவருக்கு மருந்து எது என்று கடவுளே நேரில் சொல்லியும் அவர் மறுத்தார். ஆண்டவன் எழுதிக்கொடுத்த சீட்டையே கிழித்துப் போட முடியுமென்றால், வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பும் கட்டுரைகள் எந்த மூலைக்கு? கலிக்காமருக்குக் குறை அறிவில் இல்லை, பக்தியிலும் இல்லை. மருந்து எந்தக் கையிலிருந்து வந்தது என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. அப்பர் தன் அக்காவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்தக் கையிலிருந்து வாங்கும்போது அவர் யாரிடமும் தோற்கவில்லை.

கவலைப்படும் நண்பர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நான் அந்தக் கையா? அலுவலகத்தில் இருபது வருஷம் போட்டியாளராக இருந்தவர், எப்போதும் தன்னைவிட ஒரு படி ஒழுங்கானவர், தினமும் காலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு அதன் போட்டோவை ஸ்டேட்டஸ் போடுகிறவர் சொன்னால் அந்தச் சொல் எத்தனை உண்மையானாலும் உள்ளே இறங்காது. அந்த வேலையை மகளோ, கூடப் படித்த இன்னொரு சர்க்கரைக்காரரோ, ஊர்ப்பக்கத்து மாமாவோ செய்யட்டும். நண்பர் தன் ஆற்றாமையை விழுங்கிக்கொண்டு சரியான கையைத் தேடிப் போக வேண்டும். அதுவும் அன்புதான். நோயாளி தன்னால் திருந்தினார் என்ற பெருமை அதில் கிடைக்காது, அவ்வளவே.

அந்தக் கை நண்பருடையதுதான் என்றால் சுந்தரரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் வாசலைத் தாண்டிப் பார்க்கும் பிடிவாதம் அது. திருக்குறளின் நட்பு அதிகாரமும், நண்பன் எல்லை மீறும்போது முன்னே போய் இடித்துச் சொல்வதை நட்பின் வேலையாகவே வைக்கிறது. ஆனால் இடித்துச் சொல்லும் உரிமை சும்மா வருவதில்லை என்பதும் அதே கதையில் இருக்கிறது. சுந்தரர் தன்னுயிரையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் கலிக்காமர் மனம் திரும்பினார். இன்றைக்கு யாரும் வாளை எடுக்க வேண்டியதில்லை. குரோம்பேட்டை அரசு மருத்துவமனை ஓபி வரிசையில் காலை ஏழு மணிக்குக் கூட நின்றால் போதும். தானும் ஒரு ஹெச்பிஏ1சி எடுத்து, தன் எண்ணையும் காட்டினால் போதும். அன்றைக்கு அந்த வடையைத் தானும் தொடாமல் இருந்தால் போதும்.

நண்பர் என்ன சொல்கிறார் என்பதற்கும் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது, இங்கிலாந்திலிருந்து. ஆர். டி. லாரன்ஸ் என்ற இளம் டாக்டருக்கு 1920இல் நீரிழிவு என்று தெரிந்தது. அப்போது அது மரணத் தீர்ப்பு. வீட்டார் கண்ணெதிரே சாகக் கூடாது என்று அவர் இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குப் போய், வேலை பார்த்துக்கொண்டே முடிவுக்குக் காத்திருந்தார். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. 1923இல் லண்டனிலிருந்து ஹாரிசன் என்ற பழைய சகா லாரன்ஸுக்குத் தந்தி அடித்தார். இன்சுலின் கிடைத்திருக்கிறது, வேலை செய்கிறது, உடனே திரும்பி வா என்பதுதான் செய்தி. நலிந்த உடம்போடு லாரன்ஸ் காரில் லண்டன் வந்து சேர்ந்தார், பிழைத்தார். 1934இல் எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸோடு சேர்ந்து நீரிழிவாளர்களுக்கான சங்கம் தொடங்கினார். 1968 வரை வாழ்ந்தார். அந்தத் தந்தியில் கால் போகும், கண் போகும் என்று எதுவும் இல்லை. வழி இருக்கிறது, வா என்ற அழைப்பு மட்டும் இருந்தது. நம் நண்பர்கள் பெரும்பாலும் அனுப்புவது வெட்டப்பட்ட கால்களின் படங்களை. அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தவர் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வார். அதே இங்கிலாந்தில் யுகேபிடிஎஸ் என்ற இருபதாண்டு ஆய்வின் கணக்கு நம்பிக்கையின் பக்கம் நிற்கிறது: ஹெச்பிஏ1சி ஒரு சதவீதம் குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பு 37 சதவீதம் குறைவாக இருந்தது. ஒன்பதிலிருந்து எட்டுக்கு இறங்கினால்கூட லாபம் உண்டு என்று சொல்வதில் பொய் இல்லை, பயமுறுத்தலும் இல்லை.

“சுவாமி பார்த்துப்பார்” என்ற பதிலுக்கு என்ன சொல்வது? கேலி செய்யக் கூடாது. அந்த நம்பிக்கைக்குள்ளேயே வழி இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டு 41 நாள் விடியற்காலையில் குளித்து, ஒருவேளை உணவைச் சுருக்கி, தரையில் படுக்கிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் எத்தனையோ பேர். தங்களால் கட்டுப்பாடாக இருக்க முடியாது என்று அவர்களே மாசியில் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. மன உறுதி இருக்கிறது. அதை உடம்புக்காகச் செலவிடுவது சுயநலம் என்றோ, அற்பம் என்றோ எங்கோ ஓர் எண்ணம் உட்கார்ந்திருக்கிறது. உடம்பை இழிவாக நினைத்திருந்த தான், இறைவன் குடியிருக்கும் இடம் அதுவே என்று கண்டபின் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் திருமந்திரத்தில் சொல்கிறார். சித்தர் மரபு முழுவதும் இந்த எண்ணத்தின் மேல் நிற்கிறது. நோன்பைப் பொறுத்தவரை இஸ்லாம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. நோயாளி ரமலான் நோன்பை வேறு நாட்களுக்குத் தள்ளிவைக்கலாம் என்று குர்ஆனே சலுகை தருகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பக்தர்களிடம் கண்டிப்பாகவே பேச வேண்டும்: வெறுங்கால். நீரிழிவு நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். திருநீர்மலைப் படியில் மத்தியான வெயிலில் ஏறும்போது கல் சுடுவது தெரியாது, முள் குத்தியது தெரியாது. கல் சூடாகும் முன் காலையிலேயே போய் வருவதையும், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதையும் தரிசனத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

தாம்பரத்துக்காரர்களின் மறுப்புக்கு உள்ளூர் வடிவம் ஒன்று உண்டு. “நான் சித்தா பார்க்கிறேன்.” தாம்பரம் சானடோரியத்தில் 2005 செப்டம்பரில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே போய் டாக்டரிடம் காட்டி, டெஸ்ட் எடுத்து, சொன்ன தேதிக்குத் திரும்பப் போகிறவர் நோயை ஒப்புக்கொண்டவர். அவரிடம் நண்பருக்குச் சண்டை தேவையில்லை. யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து ஆவாரம்பூவைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, இருக்கிற மாத்திரையைத் தானாக நிறுத்தியவர்தான் ஒளிந்துகொண்டிருப்பவர். சித்தாவா அலோபதியா என்ற வாதத்தில் நண்பர் மாட்டிக்கொள்ளவே கூடாது. “எங்க வேணாலும் காட்டு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஹெச்பிஏ1சி மட்டும் எடுத்துடு” என்ற ஒரே கோரிக்கையோடு நிற்கலாம்.

அதே சானடோரியம் என்ற பெயருக்குக் காரணம், டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை. காசம் என்று வெளியே சொல்லவே கூசிய காலத்தை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. இப்போது இரண்டு நோயும் கைகோத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் காசநோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 25.3 சதவீதம் பேருக்கு நீரிழிவும் இருந்தது. தாம்பரத்துக்காரரின் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனையோடு சர்க்கரையையும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

கடைசியாக, எல்லோரும் தயங்கும் கேள்வி. அவர் மறைக்கிறார், வீட்டில் சொல்லலாமா? பொதுவாகக் கூடாது. அவரவர் உடம்பின் செய்தி அவரவருக்குச் சொந்தம். முதுகுக்குப் பின்னால் போன நண்பரை அவர் இனி நம்ப மாட்டார். கடைசிக் கையும் போய்விடும். தவிர்க்க முடியாத நேரத்தில்கூட முதலில் அவரிடமே சொல்லிவிட வேண்டும்: “ஞாயிற்றுக்கிழமைக்குள்ள நீயே வீட்ல சொல்லிடு. இல்லைன்னா நான் அண்ணிகிட்ட பேசுவேன்.” திலகவதியார் மடத்துக்கு வர மறுத்தது போல நண்பருக்கும் சில எல்லைகள் உண்டு. பொய் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பாராட்ட முடியாது என்று சொல்வதில் தவறில்லை.

இரண்டு சமயங்களில் இந்தத் தயக்கம் எதுவும் வேண்டாம். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்தவர் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் அது தாழ்சர்க்கரை. விழுங்கக்கூடிய நினைவு இருக்கும்வரை மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஜிஎஸ்டி சாலையில் அவரை வண்டி ஓட்ட விடக் கூடாது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். இன்னொன்று காலில் புண். வலிக்கவில்லை, சின்னதுதான், மஞ்சள் வைத்திருக்கிறேன் என்பார். வலிக்கவில்லை என்பதுதான் அங்கே ஆபத்தான அடையாளம். அந்த இடத்தில் அவருடைய அனுமதிக்கோ, சரியான கைக்கோ, நல்ல நேரத்துக்கோ காத்திருக்க முடியாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஆட்டோவைக் கூப்பிட்டு, கூடவே ஏறி உட்கார்ந்து, அன்றைக்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.